ஏரிச்சாலைக் குதிரைகளுக்குத் தடுப்பூசி எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் ஏரிச்சாலையில் சவாரிக்கு நிற்கும் மட்டக் குதிரைகளைப் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களை நான் விடாமல் படித்து வருகிறேன். சாலையில் சாணம் கிடக்கிறது, வாகனங்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, கட்டணம் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்பவை நியாயமான குறைகள்தாம். ஆனால் அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை எந்த வைரஸ் நோய்க்கும் தடுப்பூசி கண்டதில்லை என்பதை எந்தக் கடிதத்திலும் நான் பார்க்கவில்லை. கால்நடை ஆய்வாளராகப் பழனி மலைக் கிராமங்களில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சென்ற கோடை சீசனில் ஒரு நாள் காலை நடையின்போது, வரிசையில் நின்ற ஒரு குதிரை கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு வறட்டு இருமலாக இருமுவதைக் கண்டேன். மூன்றாம் நாள் அதே வரிசையில் ஐந்தாறு குதிரைகள் இருமின. இரண்டுக்கு மூக்கிலிருந்து நீர் வடிந்தது. ஒன்று கொள்ளுத் தீவனத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. “பனி பட்டிருக்குங்க ஐயா, தைல இலை போட்டு ஆவி காட்டியிருக்கோம், ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்றார் குதிரைக்காரத் தம்பி. ஆவி பிடிப்பது குதிரைக்குச் சற்று இதமாக இருக்கும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பனியும் குளிரும் பட்டால் ஒரே வரிசையில் நிற்கும் ஆறு குதிரைகளுக்கு மூன்று நாளுக்குள் அடுத்தடுத்துக் காய்ச்சல் வராது. ஒரு குதிரைக்கு வெப்பமானி வைத்துப் பார்த்தபோது 105 டிகிரி பாரன்ஹீட் காட்டியது; நல்ல நிலையில் இருக்கும் குதிரைக்கு 101.5க்கு மேல் போகக் கூடாது. மூக்குச் சளி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பப்படாததால் அது இன்ன வைரஸ்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மாதிரி எடுக்க வேண்டும் என்று அங்கிருந்த எவருக்கும் தோன்றாததுதான் என் கவலை.

குதிரைகளுக்கு வரும் சளிக்காய்ச்சலுக்கு முதன்மையான காரணம் ஹெச்3என்8 என்னும் இன்ஃப்ளூயன்சா வைரஸ். தொற்றிய ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் காய்ச்சல் தெரியும். ஒரு குதிரை இருமும்போது தெறிக்கும் நீர்த்துளிகள் பல மீட்டர் தூரத்தில் நிற்கும் குதிரையையும் எட்டிவிடும். அதற்கு மேல் பொதுவான தண்ணீர் வாளி, கைமாறும் கடிவாளம், ஒரு குதிரையின் மூக்கைத் துடைத்துவிட்டு அடுத்ததைத் தடவும் நம் கை ஆகியவையும் அதைக் கொண்டுபோகும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் மெல்லிய இழைகள் படிந்த படலத்தை இந்த வைரஸ் அழித்துவிடுகிறது. காய்ச்சல் நாலைந்து நாளில் இறங்கிவிட்டாலும், அந்தப் படலம் மீண்டும் வளர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதற்குள் குதிரையை மேட்டில் ஏற்றி ஓட்டினால் நிமோனியாவில் போய் முடியலாம், இதயத் தசையும் கெடலாம். காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு என்பது குதிரை வைத்தியத்தில் பழைய கணக்கு. ஏரிச்சாலையில் அப்படி ஓய்வு வாங்கிய குதிரையை நான் பார்த்ததில்லை.

இதற்காகக் குதிரைக்காரர்கள் மேல் பழி போடவும் எனக்கு மனமில்லை. ஏப்ரல், மே இரண்டு மாத வருமானத்தில்தான் ஆண்டு முழுவதற்குமான கொள்ளும் தவிடும் லாடக் கூலியும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அடங்குகின்றன. பலர் கடன் வாங்கித்தான் குதிரை பிடித்திருக்கிறார்கள். மூன்று வாரம் கட்டிப்போடு என்று சொல்வது சம்பளமும் ஓய்வூதியமும் வாங்கிய என்னைப் போன்றவனுக்கு எளிது.

தடுப்பூசி இல்லாத மந்தையில் இந்த நோய் எப்படிப் பரவும் என்பதற்கு நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1987இல் வட இந்தியாவில் ஒரு முறை பரவிய இந்தச் சளிக்காய்ச்சல், இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் 2008இல் ஜம்முவின் கட்ராவில், வைஷ்ணோ தேவி கோயிலுக்கு யாத்திரிகர்களைச் சுமக்கும் குதிரைகளிலும் கோவேறு கழுதைகளிலும் தலைகாட்டி, அடுத்த ஆண்டுக்குள் பல மாநிலங்களுக்குப் பரவியது. 2025 மே மாதத் தொடக்கத்தில் கேதார்நாத் பாதையில் குதிரைகள் இறந்ததையடுத்துச் சில நாட்களுக்குக் குதிரைப் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. இரண்டு இடங்களும் மலை. இரண்டிலும் பல ஊர்களிலிருந்து வந்து கூட்டமாக நின்று, நாள் முழுவதும் ஆளைச் சுமக்கும் குதிரைகள். நம் ஏரிச்சாலையும் அதைப் போன்ற இடம்தான், அளவில் மட்டும் சிறியது. 2007 வரை இந்த நோயே இல்லாமல் இருந்ததால் தடுப்பூசி போடும் வழக்கமில்லாத ஆஸ்திரேலியாவில், அந்த ஆண்டு வைரஸ் நுழைந்த சில மாதங்களில் 70,000க்கும் மேற்பட்ட குதிரைகள் பாதிக்கப்பட்டன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கண்டிப்பான போக்குவரத்துத் தடையோடு தடுப்பூசியும் சேர்ந்துதான் அங்கே நோயை ஒழித்தது.

நம் மலைக்கு நோய் வரும் வழியும் தெரிந்ததே. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தைக்கு வெளிமாநிலக் குதிரைகளும் வருகின்றன. அங்கேயோ வேறிடத்திலோ வாங்கிய குதிரையை இரவோடு இரவாக லாரியில் ஏற்றி, வத்தலக்குண்டு வழியாக மலையேற்றி, மறுநாள் காலையில் பழைய குதிரைகளோடு ஒரே கொட்டிலில் கட்டிவிடுகிறோம். புதுக் குதிரையை மூன்று வாரம் தனியே கட்டி, தனி வாளியில் தண்ணீர் காட்டி, காலையும் மாலையும் காய்ச்சல் பார்ப்பதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. சளிக்காய்ச்சலுக்கு மட்டுமல்லாமல் குதிரை ஹெர்பீஸ் வைரஸுக்கும் இது தேவை. அந்த வைரஸ் ஒரு முறை தொற்றினால் குதிரையின் உடம்பில் ஆயுள் முழுவதும் பதுங்கியிருந்து, நீண்ட பயணம், களைப்பு போன்ற அழுத்தம் வரும்போது மீண்டும் கிளம்பும். நிறைமாதத்தை நெருங்கும் பெட்டைக் குதிரை முன்னறிகுறி ஏதுமின்றிக் குட்டியை வீசிவிடுவதற்கு, அதாவது கரு கலைந்து போவதற்கு, இது ஒரு முக்கியக் காரணம். சில வேளை பின்னங்கால்கள் தள்ளாடி குதிரை எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவதும் உண்டு. கண் திருஷ்டி என்று சொல்லி வீசிய குட்டியைப் புதைத்துவிட்டு, அதே இடத்தில் மற்ற பெட்டைகளைக் கட்டுவதை நான் பல கிராமங்களில் பார்த்திருக்கிறேன்.

“எங்க தெருவுக்கு ஊசி போட வந்தாங்களே” என்று சில குதிரைக்காரர்கள் என்னிடம் சொன்னதுண்டு. அது கோமாரி ஊசி. கோமாரி பிளவுபட்ட குளம்பு உள்ள மாடு, எருமை, ஆடு, பன்றிக்கு வருவது. ஒற்றைக் குளம்புள்ள குதிரைக்கு வராது. முகாமில் மாடுகளுக்குப் போட்டுவிட்டுப் போகிறார்கள், பக்கத்துக் கொட்டிலில் நிற்கும் குதிரை அப்படியே நிற்கிறது. இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. 2012 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும் 2019இல் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. பாலும் இறைச்சியும் தராத, எண்ணிக்கையிலும் தேய்ந்துவரும் விலங்குக்காக யாரும் தனியாகத் திட்டம் தீட்டுவதில்லை. ஆனால் வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு அரிசி மூட்டையும், அங்கிருந்து காப்பிக் கொட்டையும் குதிரை முதுகில்தான் காலங்காலமாக ஏறி இறங்கின என்பதை இந்த மலையில் பிறந்தவர்கள் மறக்க முடியாது.

ரேபிஸ் என்னும் வெறிநோயைப் பற்றியும் ஒரு சொல். சளிக்காய்ச்சல் குதிரையிலிருந்து சவாரி செய்யும் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்று சுற்றுலாப் பயணிகள் அஞ்ச வேண்டியதில்லை. வெறிநோய் அப்படியல்ல. இரவில் அவிழ்த்துவிடப்படும் குதிரையைத் தெருநாய் கடித்தது எவருக்கும் தெரியாமலே போகலாம். பின்னர் அது விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக நிற்கும்போது, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடுவது குதிரைக்காரர்களின் இயல்பு. அந்தக் கைக்கு என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு ஊசியால் தடுக்கக்கூடியது இது.

தடுப்பூசிக்கு நாம் அயல்நாட்டை நம்பியிருக்கவும் இல்லை. அரியானாவின் ஹிசாரில் 1985இல் தொடங்கப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் சளிக்காய்ச்சலுக்கும் ஹெர்பீஸுக்கும் தடுப்பூசிகளை உருவாக்கியிருக்கிறது. பந்தயக் குதிரைகள் வைத்திருப்பவர்கள் சளிக்காய்ச்சல் ஊசியை வழக்கமாகவே போடுகிறார்கள். மட்டக் குதிரைக்கும் அதே மூச்சுக்குழாய்தான். இதில் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. சளிக்காய்ச்சலுக்கு முதல் ஊசி போட்ட நான்கு முதல் ஆறு வாரத்தில் இரண்டாவது ஊசி போட்டால்தான் எதிர்ப்புச் சக்தி ஊன்றும். ஆறு மாதத்தில் மூன்றாவதும், அதன் பின் முறையாக ஊக்க ஊசியும் வேண்டும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி குறுக்கிடும் என்பதால் குட்டிகளுக்கு ஆறு மாதம் ஆகும் வரை பொறுக்க வேண்டும். பத்துக் குதிரையில் மூன்றுக்குப் போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் பயனில்லை. ஏழுக்காவது போட்டிருந்தால்தான் வைரஸுக்கு அடுத்த குதிரை எளிதில் கிடைக்காமல் போகும். ஊசி போட்ட குதிரைக்கும் லேசாகத் தொற்றலாம். ஆனால் அது படுக்காது, வெளியேற்றும் வைரஸும் குறைவு.

ஏப்ரல் சீசனுக்குள் பலன் வேண்டுமானால் தை மாதத்தில் முதல் ஊசியும், மாசி கடைசிக்குள் இரண்டாவதும் போட்டாக வேண்டும். சவாரிக்கு உரிமம் புதுப்பிக்கும்போது தடுப்பூசி அட்டையையும் கேட்டால் எவரும் தட்டிக்கழிக்க முடியாது; அதே நேரத்தில், நோய் வந்து கட்டிப்போடப்பட்ட குதிரையின் உரிமையாளருக்கு அந்த மூன்று வாரத்துக்குத் தீவனமாவது கொடுக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் இருமலை மறைத்துத்தான் ஓட்டுவார்கள். குதிரைச் சளிக்காய்ச்சல் 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள நோய். சந்தேகம் வந்தாலே உரிமையாளர் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவித்தால் தொழில் போய்விடும் என்ற பயம் இருக்கும் வரை அந்தச் சட்டம் ஏட்டில்தான் இருக்கும். மலையின் இருபுறமும் தேனி வீரபாண்டியிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்குள்ள மாணவர்களும் ஆசிரியர்களும் தை மாதத்தில் இரண்டு நாள் மேலே வந்தால், ஏரிச்சாலை முதல் பூம்பாறை வரையுள்ள குதிரைகளைக் கணக்கெடுத்து ஊசியும் போட்டுவிடலாம். முரட்டுக் குதிரைகளைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டுமென்றால், என் வயதைப் பார்க்காமல் என்னையும் அழைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.