ஜாமீன் கிடைத்த பிறகும் 19 நாள்

கடலூர், மஞ்சக்குப்பம்
ஐப்பசிக் கடைசி

அன்பு நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று நாளாக மழை விடவில்லை. கெடிலத்தில் தண்ணீர் ஏறுகிறது.

உன் சின்னவள் சட்டப் படிப்பு முடிந்ததும் சட்ட உதவி வழக்கறிஞராக, அதாவது கைதானவர்களுக்கு இலவசமாக வாதாடுகிற வக்கீலாகப் போகிறேன் என்கிறாள், "திருடனுக்கும் சாராயம் கடத்துகிறவனுக்கும் வாதாடவா இவளைப் படிக்கவைத்தேன்" என்று எழுதியிருந்தாய். உன் பயம் புரிகிறது. ஆனால் அவளைத் தடுக்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

போன மாசியில் நெல்லிக்குப்பம் பக்கத்துக் கொத்தனார் ஒருவரின் அண்ணன் என்னைத் தேடி வந்தார். தம்பி புதுச்சேரிக்கு வேலைக்குப் போன இடத்தில் கம்பி காணாமல் போயிருக்கிறது. மேஸ்திரி புகார் கொடுக்க, ரிமாண்ட் ஆகி (காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட்டு) தம்பி காலாப்பட்டு சிறைக்குப் போய்விட்டார். எட்டாம் நாளே ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் அவருக்காகப் பொறுப்பேற்க உள்ளூர் ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும் என்று நிபந்தனை. அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் புகார் கொடுத்த அந்த மேஸ்திரிதான். அண்ணன் வீட்டு வரி ரசீதும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு போனால், தமிழ்நாட்டுச் சொத்து செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரே பஸ்ஸில் போய் வருகிற தூரம்! ஜாமீன் உத்தரவு கையில் இருக்க, மனிதர் 19 நாள் உள்ளே கிடந்தார்.

நாம் விடுதித் திண்ணையில் உட்கார்ந்து படித்த மோதி ராம் வழக்கு உனக்கு நினைவிருக்கும். 1978. அவரும் கொத்தனார்தான். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டு, சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஒதுக்கினார்கள். அது தவறு என்று உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தருகிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், உள்ளூர் ஜாமீன்தாரர் நிபந்தனையால் விடுதலை தள்ளிப்போனால் அதை விதிக்காமலே விடலாம். இரண்டையும் வைத்து மனுப் போட்டோம், நிபந்தனை தளர்ந்தது. வாதம் பத்து நிமிஷம்கூட இல்லை. அந்தப் பத்து நிமிஷம் பேச 19 நாளாக ஒரு ஆள் இல்லை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

உன் மகள் படிக்கிற கல்லூரியும் காலாப்பட்டில், அந்தச் சிறையும் காலாப்பட்டில். அவளுடைய பேராசிரியர்களிடம் நான் கேட்க நினைப்பது இது ஒன்றுதான். மூட் கோர்ட் என்கிற பாவனை வழக்குப் போட்டிக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியை ரிமாண்டுக்குக் கொடுக்கக் கூடாதா? ஐந்து வருடப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி வேண்டும் என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. பல பிள்ளைகள் அதை ஏதோ ஒரு ஆபீஸில் கோப்பு தூக்கிக் கழித்துவிடுகிறார்கள். இவளை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உட்காரச் சொல். மாணவர்கள் வக்கீலாகப் பதிவு செய்யும்வரை ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகவும் சேரலாம்.

ரிமாண்டில் என்ன கற்கலாம் என்று கேட்பாய். கைது செய்த நேரம் என்று போலீஸ் எழுதியிருப்பது ஒன்று, உண்மையில் வீட்டிலிருந்து கூட்டிப்போன நேரம் வேறாக இருக்கும். கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் "எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் கைதானவரின் மனைவிக்குச் சொல்லத் தெரியாது. "உலை வைத்துவிட்டாயா, கடைசி பஸ் போய்விட்டதா?" என்று கேட்டால் துல்லியமாகச் சொல்வாள். அப்புறம் நாள் கணக்கு. குற்றப்பத்திரிகை 60 நாளில், பெரிய வழக்கானால் 90 நாளில் வரவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். அந்த ஒரு நாளைத் தவறவிட்டு ஒரு பையனின் உரிமை கைநழுவியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதைவிடக் கடினம், எதிரில் இருப்பவரின் நம்பிக்கையை வாங்குவது. இலவச வக்கீல் என்றால் ஒப்புக்கு நிற்பவர் என்ற எண்ணம் நம் ஜனங்களிடம் வேரோடிக் கிடக்கிறது. சிறையில் இருப்பவர் யாராக இருந்தாலும் 1987 சட்டப்படி வழக்கறிஞரை இலவசமாகவே கேட்கலாம். அது தெரிந்தும் தோட்டை அடகு வைத்துத் தனியார் வக்கீலைப் பிடிக்கிற தாய்மார்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் ஆணைக்குழுப் பட்டியலில் இருக்கிற பேனல் வக்கீல் தன் சொந்தக் கட்சிக்காரர் வேலை போக மீதி நேரத்தில்தான் இதைப் பார்த்தார். 2022 திட்டத்தில் வந்த சட்ட உதவி வழக்கறிஞர்கள் தனியாக வழக்கு எடுக்கக் கூடாது, முழுநேரமும் இதே வேலை. அதனால்தான் உன் மகள் மாதிரிப் பிள்ளைகள் இப்போது வர வேண்டும் என்கிறேன்.

வருமானம் பற்றி நீ கேட்டது நியாயம். ஒப்பந்த வேலைதான், நிரந்தரம் கிடையாது. உதவி வழக்கறிஞராக, பதிவு செய்த புதிதிலேயே விண்ணப்பிக்கலாம். துணை வழக்கறிஞர் பதவிக்கு 7 வருடம், தலைமை வழக்கறிஞர் பதவிக்கு 10 வருடக் கிரிமினல் அனுபவம் கேட்கிறார்கள். இரண்டு வருடமாவது நீ அவளுக்குக் கை கொடுக்க வேண்டியிருக்கும். அதை இப்போதே அவளிடம் வெளிப்படையாகப் பேசிவிடு.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கடலூர் எல்லைக்குள் வந்ததும் பாரதியைக் கைது செய்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் கடலூர் சிறையில் இருந்தார். அவருக்காகப் பேசப் பெரிய மனிதர்கள் சிலர் முன்வந்தார்கள், டிசம்பரில் வெளியே வந்தார். புதுச்சேரி எல்லைப் பக்கம் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் சாராயப் பாட்டிலோடு பிடிபட்டவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். இவருக்கு யார் வருவார்கள் என்று பார்ப்பேன்.

அரையாண்டு விடுமுறையில் அவளை இங்கே அனுப்பு. மாடி அறை காலியாக இருக்கிறது, அம்மாவுக்கும் பேச்சுத் துணை. கோடு போட்ட நோட்டு இரண்டு கொண்டுவரச் சொல். மனுவை எப்படியும் ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறாள். உள்ளே இருப்பவர் சொல்வதை மட்டும் அவர் சொன்ன தமிழிலேயே குறித்துக்கொள்ளட்டும். வருகிற தேதியை முன்கூட்டியே எழுது, பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன்.

உன் பழைய அறைத்தோழன்