பொக்லைன் வருவதற்கு முன்னால்: பழைய மாதா கோயில் பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

பங்குத்தந்தை சாமிக்குத் தோத்திரம். பேரவை உறுப்பினர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஊர்ப் பெயரை எழுதாமல் விடுகிறேன். தேவகோட்டைக்குக் கிழக்கே, கண்மாய்க்கரையில், கூரை பாதி இறங்கிய கோயில் என்றாலே உங்களுக்கு விளங்கிவிடும். ரோட்டோரம் கான்கிரீட்டில் புதுக்கோயில் வந்த பிறகு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர யாரும் போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். டீக்கடையில் வழி கேட்டதற்கு ஒருவர் சொன்னார்: "இப்பவே பாத்துக்கங்க தம்பி. கல்லறைத் திருநாளுக்குள்ள பொக்லைன் விட்டு மொத்தத்தையும் வழிச்சு எடுத்துரப் போறாங்க." அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இந்த மடல்.

கல்லறைத் திருநாளான நவம்பர் 2க்கு முன் கல்லறைத் தோட்டம் சுத்தமாக வேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் தப்பே இல்லை. உள்ளே கால் வைக்க முடியவில்லை. சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிவிட்டது. மழை வேறு ஆரம்பித்துவிட்டதால் பிரண்டையும் உண்ணிச்செடியும் சிலுவைகளை மூடிக் கிடக்கின்றன. வாசலிலிருந்து பார்த்தால் ஏழெட்டுக் கல்தான் கண்ணுக்குத் தெரியும். அரிவாளால் விலக்கிக்கொண்டே போய் நான் எண்ணியது 43. அதில் பெயர்க்கல் உள்ளது பதினொன்று. ஒன்றில் 'சவரி' வரைக்கும்தான் இருக்கிறது, மீதிக் கல் உடைந்துவிட்டது. இன்னொன்றில் 'அன்னை' என்பதில் வரும் னையை யானைத் தும்பிக்கை போன்ற பழைய வடிவில் செதுக்கியிருக்கிறார்கள். 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கற்ற கை அது.

மற்ற 32ம் வெறும் மேடு, செங்கல் கட்டு, சாய்ந்த மரச்சிலுவை. பொக்லைன் ஓட்டுகிறவருக்கு இவை கல்லறை என்று எப்படித் தெரியும்? அவருக்கு அது கட்டாந்தரை. வாளியை ஒரு முறை இழுத்தால் நாலு பேர் போய்விடுவார்கள்.

நான் தேடிப் போனதும் அப்படி ஒரு மேடுதான். எங்கள் அய்யா, அப்பாவைப் பெற்றவர், கொத்தனார். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் நகரத்தார் வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்த்தவர். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று சாகும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தார். அவருடைய முதல் பிள்ளை, எனக்கு அத்தை, மூன்று வயதில் அம்மை கண்டு போய்ச் சேர்ந்தது. அய்யாவே செங்கல் அடுக்கிக் கட்டினார், வேலை நடந்த வீட்டில் மிஞ்சிய ஆத்தங்குடி வண்ணத் தரைக்கல் துண்டுகளை மேலே பதித்தார் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டதோடு சரி. நான் பார்த்ததில்லை.

மேற்கு மூலையில், வேலிக்கருவேலுக்கு அடியில், இரண்டரை அடி நீளத்தில் ஒரு கட்டு தட்டுப்பட்டது. பாசியை நகத்தால் சுரண்டினேன். முதலில் மஞ்சள், அப்புறம் பச்சை, அதற்கப்புறம் பாதிப் பூ ஒன்று, இதழ் நாலு. கண்ணாடி மேல் வார்த்து, சூளையில் வைக்காமலே எடுக்கிற கல் அது. இத்தனை மழையிலும் நிறம் விடவில்லை. பெயர் இல்லை, தேதி இல்லை. பூவுக்குப் பக்கத்தில் பூச்சு ஈரமாக இருந்தபோது அழுத்திய கட்டை விரல் தடம் மட்டும் இருக்கிறது. வேலை சுத்தம் பார்க்கிற மனுஷர், அதை ஏன் தேய்த்துவிடாமல் விட்டார் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

பொக்லைன் வேண்டாம், முள்ளை ஆள் வைத்துக் கையால் வெட்டுங்கள் என்றால், கூலிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தில் அந்தக் கவலை வேண்டாம். கரிமூட்டம் போடுகிறவர்களுக்குச் சீமைக்கருவேலம்தான் சரக்கு. விறகை எடுத்துக்கொள்ளச் சொன்னால் அவர்களே ஆள் வைத்து வெட்டுவார்கள். பேசிப் பார்த்தால் கோயிலுக்குக் காசும் கிடைக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: கல்லறைகளுக்கு இடையில் தரையோடு வெட்ட வேண்டும், தூரைப் பிடுங்கக் கூடாது. அடித்தூரை விட்டால் மறுபடி துளிர்க்கும், மறுக்கவில்லை. இளந்துளிரைத் திரும்பத் திரும்ப வெட்டலாம். வேரோடு இழுத்தால் வேர் மட்டுமா வரும்? அது சுற்றிப் பிடித்திருக்கிற செங்கலும் சேர்ந்து வரும்.

கோயில் சுவரில் நிற்கிற அரசங்கன்றுக்கும் இதே கதைதான். காக்கை எச்சத்தில் விழுந்த விதை. இப்போது வேர் பீடத்துக்குப் பின்சுவர் வரை இறங்கிவிட்டது. ஆள் ஏறிப் பிடுங்கினால் சுவரே பெயர்ந்து வரும். அறுத்து, வேரைப் பட்டுப்போகவிட்டு, வெடிப்பைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். தயவுசெய்து சிமெண்ட் வேண்டாம். வடக்குச் சுவரில் யாரோ புண்ணியவான் சிமெண்ட் பூசியிருக்கிறார். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே செங்கல் உப்புப் பூத்து மாவாக உதிர்கிறது. பூசாமல் விட்ட தெற்குச் சுவர் கல்லுப் போல நிற்கிறது.

1894ல் கட்டிய இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்துக்கும், புனிதர் அருளானந்தர் 1693ல் உயிர் விட்ட ஓரியூருக்கும் நாம் வேன் பிடித்துப் போகிறோம். போக வேண்டியதுதான். அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இந்த 43 பேருக்கு உங்களை விட்டால் யார்?

பங்கில் இறந்தோர் பதிவேடு இருக்கும். மிகப் பழையது, நம் பங்கு பிரிந்து வந்த தாய்ப்பங்கில் இருக்கலாம். சாமி அதை ஒரு நாள் வெளியே எடுத்துத் தரட்டும். ஊரில் வயசான ஆத்தாமார் இரண்டு பேரைக் கட்டிலில் தூக்கிக்கொண்டாவது அங்கே கூட்டிப்போவோம். "இது இன்னார் மகன், அது இன்னார் வீட்டு மருமக" என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். வெட்டுகிறவர்கள் வருவதற்கு முன் ஒவ்வொரு மேட்டையும் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டால் யாரும் மிதிக்க மாட்டார்கள்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பேரவை கூடுகிறது என்று கேள்விப்பட்டேன். பொக்லைனுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள், கிடைக்காவிட்டால் அந்தத் தொகையை நான் தருகிறேன். அன்றைக்கு வாசலில் நிற்பேன். இரண்டு அரிவாள், ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி என் பொறுப்பு. சாவியை மட்டும் கோயில்பிள்ளையிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுண்ணாம்புக் கொத்தனார் வீட்டுப் பேரன்,
காரைக்குடி