கேள்வியையும் நாங்களே எழுத: பால்நிலைச் சமத்துவப் பணியாளர்களின் ஆய்வுப் பயிற்சிக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

யாழ்ப்பாண மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் பெண்களுக்காக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், உளவளத்துணையாளர்கள், மாதர் சங்கச் செயலாளர்கள், பெண்கள் அமைப்புகளின் களப் பணியாளர்கள். வெளியிலிருந்து ஓர் ஆய்வு வந்தால் வீடு காட்டுவது இவர்கள்தான். வெயிலுக்குள் அலைந்து போம் நிரப்பிக் கொடுப்பதும் இவர்கள்தான். கேள்வியை எழுதியவர் வேறு, விடைகளைப் பகுத்தவர் வேறு. அறிக்கை ஆங்கிலத்தில் அச்சாகி எங்கேயோ ஒரு ஹோட்டல் மண்டபத்தில் வெளியிடப்படும். போம் நிரப்பியவரின் கைக்கு ஒரு பிரதி வந்தால் அதிசயம்.

இந்தப் பணியாளர்களில் இருபது பேருக்கு, சனிக்கிழமைகளில், ஆறு மாதம், முழுக்கத் தமிழில் ஆய்வுப் பயிற்சி கொடுக்க எமது குழு தீர்மானித்திருக்கிறது. கேள்வியை வகுப்பதிலிருந்து அறிக்கை எழுதுவதுவரை அவர்களே செய்யவேண்டும். அதற்காகவே உங்களிடம் வருகிறோம்.

இதைச் சொன்னபோது ஓர் அன்பர், "உதுகளை விட்டிட்டு நாலு தையல் மெஷின் வாங்கிக் குடுங்கோ, பிரயோசனமாயிருக்கும்" என்றார். கொடுக்கலாம்தான். ஏற்கெனவே எத்தனையோ கொடுத்தாகிவிட்டது. கையளித்த படங்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் எத்தனை இன்றும் ஓடுகின்றன, ஓடாதவை ஏன் மூலையில் கிடக்கின்றன என்று கேட்டுவரத் தெரிந்த ஆள் வேண்டாமா? அந்த ஆளைத்தான் உருவாக்கப் போகிறோம்.

கேள்வி கேட்பது பார்ப்பதற்குச் சின்ன வேலை. குருநகர், பாசையூர்ப் பக்கம் காலையில் போனால் பெண்கள் வலையிலிருந்து நண்டு கழட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் "என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேளுங்கள். கை வலைக்குள் இருக்க, "வேலை ஒண்டுமில்லைப் பிள்ளை, வீட்டிலதான் இருக்கிறன்" என்பார். போமில் 'இல்லத்தரசி' என்று விழும். சர்வதேச வரையறைப்படி, ஒரு கிழமையில் ஒரு மணித்தியாலமாவது ஊதியத்துக்கோ இலாபத்துக்கோ வேலை செய்தவர் தொழிலில் உள்ளவர். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவரும் அதற்குள் அடக்கம். "போன கிழமை நண்டு கழட்டினீங்களோ? எத்தனை நாள்? எத்தனை மணிக்குத் தொடங்கி?" என்று கேட்டிருந்தால் விடை வேறு. இலங்கையில் பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே ஊழியப்படையில் இருப்பதாகப் புள்ளிவிபரங்கள் சொல்கின்றன. அதைப் படிக்கும்போது, எந்தக் கேள்விக்கு வந்த பதில் இது என்று கேட்கத் தெரிந்த பணியாளர் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கவேண்டும் என்பது எங்கள் ஆசை.

இன்னும் சிக்கலானது வன்முறை பற்றிய ஆய்வு. தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் 2019 இல் நடத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வில், துணைவரோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் வாழ்நாளில் ஒருமுறையாவது அவரிடமிருந்து உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவர். இப்படி ஒரு விடயத்தை வீட்டுக்குள் போய்க் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2001 இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே பேசவேண்டும். வன்முறை பற்றிய ஆய்வு என்று வீட்டாருக்கோ ஊருக்கோ சொல்லக்கூடாது. தனிமை கிடைக்காவிட்டால் பேட்டியை இன்னொரு நாளுக்கு மாற்றவேண்டும். மாமியார் விறாந்தையில் பாக்கு வெட்டிக்கொண்டு காது கொடுத்திருக்கும் வீட்டில் இது எவ்வளவு கடினம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பேச்சின் நடுவே கணவர் படலையைத் திறந்தால் சட்டென்று பிள்ளையின் சாப்பாடு, தடுப்பூசி பற்றிய கேள்விகளுக்கு மாறுவதற்கு ஒரு மாற்று வினாக்கொத்து கையில் இருக்கவேண்டும். பிழையாகக் கேட்ட கேள்விக்கு அன்றிரவு அடி வாங்குவது கேட்டவர் அல்ல. ஆகவே பயிற்சியில் மிகக் கூடிய நேரத்தை இதற்குத்தான் ஒதுக்கியிருக்கிறோம். நடித்துப் பார்த்துப் பழகாமல் யாரும் களத்துக்குப் போகமாட்டார்கள்.

கணக்கு விடயத்துக்கு வருவோம். ஒரு பிரிவில் இந்த வருடம் குடும்ப வன்முறை முறைப்பாடுகள் இரட்டித்தால், வன்முறை கூடிவிட்டது என்று பத்திரிகையில் வந்துவிடும். கூடியிருக்கலாம். நம்பிக்கையான ஓர் உத்தியோகத்தர் அங்கே மாற்றலாகி வந்ததால் இதுவரை வாய் திறக்காதவர்கள் வந்திருக்கவும் கூடும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது உயர்கணிதம் இல்லை, பதிவேட்டை ஒழுங்காக வைத்து மாதவாரியாக ஒப்பிடத் தெரிந்தால் போதும். அதேபோல, வடக்கு கிழக்கில் 89,000 கைம்பெண்கள் என்று போர் முடிந்த காலத்தில் சொல்லப்பட்ட தொகை இன்னமும் திட்ட முன்மொழிவுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரைச் சேர்த்து, யாரை விட்டு எண்ணியது? கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர், கைவிடப்பட்டவர், கணவர் படுக்கையில் இருக்கத் தானே உழைப்பவர் எல்லாம் எந்த நிரலில் வருவார்கள்? நிவாரணம் அந்த நிரலைப் பார்த்துத்தான் வருகிறது.

விண்ணப்பித்தவர்கள் தாங்களே ஆய்வுத் தலைப்புகள் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒன்று: 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் எங்கே என்று தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறவேண்டும். அப்படிப் போனவர்களுக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு காலம், போகாமலே விட்டவர்கள் கடனுக்கு யாரிடம் போனார்கள் என்று கேட்கப்போகிறார்கள். நுண்கடன்காரர் வாசலுக்கே வந்து நிற்பதைக் கண்டவர் எழுதிய கேள்வி இது. கொழும்பிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்திருக்குமா என்பது எங்களுக்குச் சந்தேகம்.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய பாதையும் அல்ல. பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, போருக்குள் அகப்பட்ட பெண்களின் அனுபவங்களைக் கேட்டு எழுதினார். 1989 செப்டெம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனிச் செலவு. மொத்தம் 14 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. மண்டபம் இலவசமாகக் கிடைத்துவிட்டது. பெருந்தொகை சாப்பாட்டுக்கும் பிரயாணத்துக்கும்தான் போகிறது, இரண்டும் சேர்ந்து 6 இலட்சத்து 48 ஆயிரம். வளவாளர்களுக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம். ஐந்து குழுக்களாகச் செய்யும் சிறு ஆய்வுகளுக்குக் குழுவுக்கு 50 ஆயிரம். தமிழ்க் கைநூல் எழுதி அச்சிட ஒன்றரை இலட்சம். நல்ல இணையவழிப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கைத்தொலைபேசி டேட்டாவுக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். விடைகளைப் பதிய கோபோ டூல்பொக்ஸ், பகுப்பாய்வுக்கு ஜமோவி; மென்பொருளுக்குச் சதம் செலவில்லை. பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு 72 ஆயிரம். இதைக் குறைக்கலாமே என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். குறைத்தால் வகுப்பில் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்பதால் விட்டுவைத்தோம். நெடுந்தீவிலிருந்து வருகிறவர் குறிகட்டுவானில் படகைப் பிடிக்கவேண்டும் என்பதற்காக வகுப்பும் நேரத்தோடு முடியும்.

குழு உறுப்பினர்கள் எங்களுக்குள் 2 இலட்சத்து 30 ஆயிரம் சேர்த்திருக்கிறோம். மீதி 12 இலட்சத்து 50 ஆயிரம். ஒருவரின் முழுப் பயிற்சிக்கு 74 ஆயிரம் வருகிறது. தனியாகப் பொறுப்பெடுக்கலாம், நாலு பேர் சேர்ந்தும் எடுக்கலாம். ஆயிரம் ரூபாவும் எங்களுக்குக் காசுதான்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வார்த்தை. கோயில் மண்டபத்துக்கும் பள்ளிக்கூட மதிலுக்கும் தாராளமாகத் தருகிறீர்கள். இதில் பெயர் பொறிக்க மதில் கிடையாது. கைநூலின் கடைசிப் பக்கத்தில் போடலாம், விரும்பினால். புள்ளிவிபரம் படிப்பிக்கக்கூடிய, தமிழில் பேசக்கூடிய பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களின் இரண்டு மணித்தியாலமும் எங்களுக்கு நன்கொடைதான். சூமில் வந்தால் போதும், நேர வித்தியாசத்துக்கு ஏற்ப வகுப்பை மாற்றிக்கொள்வோம்.

வகுப்புகள் தை மாதம் தொடங்குகின்றன. கார்த்திகை முடிவதற்குள் பணம் கிடைத்தால் கைநூலை அச்சுக்குக் கொடுக்க வசதியாக இருக்கும். காசை இந்த வேண்டுகோளைக் கொண்டுவரும் குழு உறுப்பினரிடமே கொடுக்கலாம். இலக்கமிட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் கொடுக்கவேண்டாம். வங்கிக் கணக்கு குழுவின் பெயரில் இருக்கிறது, தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம். கணக்கறிக்கையும் ஐந்து ஆய்வுகளின் தமிழ்ப் பிரதிகளும் நன்கொடை தந்த ஒவ்வொருவருக்கும் ஆடிக்குள் வந்துசேரும். ஆய்வுக்குப் பதில் சொன்ன வீடுகளுக்கும் அதே பிரதிதான் போகும்.

இவ்வண்ணம்,
பயிற்சி ஏற்பாட்டுக் குழுவினர்,
யாழ்ப்பாணம்