பழைய டிவியத் தூக்கிக் குடுக்க முதல்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட பேப்பரில பழைய வீடியோ கேம் பத்தி ஒரு சின்னத் துண்டு போட்டிருந்தீங்க, வாசிச்ச உடனயே எழுதோணும் எண்டு நினைச்சன், மகள்ட சோதினை, வேலை எண்டு இழுபட்டு இண்டைக்குத்தான் நேரம் கிடைச்சிச்சு. அதுல கடைசியா 'இப்ப எல்லாம் போனிலயே டவுன்லோட் பண்ணலாம், பழசு ஒண்டும் அழியாது' எண்டு முடிச்சிருந்தீங்க. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். அது பிழை ஐயா.

நாங்க மட்டக்களப்புக் கல்லடி. 2004 சுனாமியில வீட்டுல இருந்த டிவி, டெக், கசட் போட்டு விளையாடுற டிவி கேம் எல்லாம் போயிட்டு. (அந்தக் கசட்டில 9999999 கேம் எண்டு எழுதியிருக்கும், உள்ளுக்க பாத்தா அதே பத்துப் பன்னிரண்டுதான் பேர மாத்தி மாத்தி வரும்.) தப்பினது அண்ணன்ட பிளேஸ்டேஷன் எண்ட சீடி கேம் மெஷினும் அதோட சேர்ந்த சாமானும் மட்டும்தான், அதுவும் எங்கட கெட்டித்தனத்தால இல்ல, சீடி வாசிக்குதில்ல எண்டு டவுனில ஒரு ரிப்பேர் கடையில குடுத்து, அந்த பாஸ் இண்டைக்கு நாளைக்கு எண்டு ரெண்டு மாசமா இழுத்தடிச்சபடியா. அவர ஏசாத நாள் இல்ல அப்ப. மறுகா அம்மா ஒருநாளும் அவர ஏசினதில்ல.

அந்த மெஷின இந்த வருஷம் அலுமாரி துப்பரவாக்கக்குள்ள வெளிய எடுத்தன். மகளுக்குக் காட்டோணும் எண்டு ஆசை. முதல் பிரச்சின டிவி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் மூண்டும் கையில இரிக்கு, புது டிவிக்குப் பின்னால அதுக்கு ஓட்டை இல்ல. மாமாட வீட்டுக் குசினிக்குப் பின்னால தூசு பிடிச்சுக் கிடந்த பெட்டி டிவியத் தூக்கிட்டு வந்து போட்டா லோகோ வருது, சத்தம் வருது, கேம் வருதில்ல. பழைய ஞாபகத்தில மெஷினத் தலைகீழாக் கவிட்டு வெச்சன், ஓடிச்சு! சின்ன வயசுல இது அண்ணன்ட மந்திரம் எண்டு நினைச்சிருந்தன். பிறகுதான் விளங்கினது, முதல் வந்த மொடலுகளில லென்ஸ் ஓடுற தண்டவாளம் பிளாஸ்டிக், அது தேய்ஞ்சு லென்ஸ் ஒரு பக்கம் சரியும், கவிட்டா கொஞ்சம் நேராகும், அவ்வளவுதான்.

மறுகா சீடிகள். எங்கட ஆக்கள் வெச்சிருந்ததெல்லாம் கொப்பி சீடிதான், இத ஒளிக்க ஒண்டுமில்ல. ஒரிஜினல் சீடிட அடிப்பக்கம் கறுப்பு, எங்கடது நீலமும் பச்சையும். ஒரிஜினல்ல ஒரு ரகசியக் குறி இரிக்கும், அத வீட்டுக் கொம்பியூட்டரில அடிச்சு எடுக்க ஏலாது, அது இல்லாத சீடிய மெஷின் ஏத்துக்காது, அத ஏமாத்தத்தான் மெஷினுக்குள்ள ஒரு சின்ன சிப் வெச்சு ஒட்டித் தருவாங்க. அமெரிக்க, ஜப்பான் கேமெண்டா எங்கட டிவியில கறுப்பு வெள்ளையாத்தான் வரும், கலர் முறை வேறயாம், நாங்க அதையும் அப்பிடியே விளையாடினம். இப்ப விஷயம் என்னெண்டா அந்தக் கொப்பி சீடியில கேம் நிக்கிறது ஒரு சாயப் படையில. வெயில், புழுக்கம், எங்கட கடற்கரை உப்புக்காத்து எல்லாத்துக்கும் அது மங்கும். 31 சீடி கிடந்திச்சு, 12 தான் முழுசா வாசிச்சுது. கவரில நல்லா எழுதி, வரிசையா, கீறல் இல்லாம அடுக்கி வெச்சிருந்தம், ஒண்டுக்கும் உதவல்ல. அலுமாரிக்குள்ள கவனமா வெச்சா காப்பாத்தினமாதிரி எண்டு நினைக்கிறது பெரிய பிழை, வாசிக்கிற நேரத்திலயே வேற இடத்துக்கு மாத்தி எடுத்திரோணும்.

உங்கட ஒபிசிலயே இது இரிக்கும் ஐயா. இருவது வருஷத்துக்கு முந்தி பேஜ்மேக்கர் எண்ட பக்கம் கட்டுற சொப்ட்வெயாரில, பாமினி எண்ட தமிழ் எழுத்துருவில அடிச்ச பக்கங்கள இண்டைக்கு ஒரு புதுக் கொம்பியூட்டரில திறந்து பாருங்க, திறந்தாலே பெரிசு, பாமினி இல்லாட்டி எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்கும். பைல் பத்திரமாத்தான் இரிக்கு, தமிழத்தான் காணல்ல. கேமும் அதேதான். விண்டோஸுக்கு முந்தின டொஸ் காலத்துக் கேம் கொஞ்சம் புதுக் கொம்பியூட்டரில போட்டா கண்மூடித் திறக்க முதல் ஆள் செத்திருவான், ஏனெண்டா வேகத்த அந்தக் காலத்து சிப்ப நம்பி எழுதியிருக்கு. இப்பத்தைய 64 பிட் விண்டோஸில பழைய 16 பிட் புரோகிராம் ஓடவே ஓடாது. இன்டர்நெட்டில விளையாடின பிளாஷ் கேமுகள் 2020 டிசம்பர் 31ஓட கதை முடிஞ்சுது. டிவி கேமில வாத்து சுடுற விளையாட்டுத் துவக்கு ஞாபகமா? விசைய அமத்தின உடன திரை ஒரு கணம் கறுத்து, வாத்து நிக்கிற இடம் மட்டும் வெள்ளையாகும், துவக்குக்குள்ள இரிக்கிற கண் அந்த வெளிச்சத்தப் பாக்கும். தட்டை டிவி படத்தக் கொஞ்சம் பிந்தித்தான் காட்டும், அந்தக் கொஞ்சத்திலயே வாத்து தப்பிரும்.

போனில டவுன்லோட் பண்ணலாம் எண்ட கதைக்கு வாறன். அமெரிக்காவில 2023இல ஒரு ஆய்வு வந்திச்சு, 2010க்கு முதல் அங்க வந்த பழைய கேமுகளில 87 வீதம் இப்ப கடையில வாங்க ஏலாதாம். புதுசும் அப்பிடித்தான். 2024 மார்ச் 31 ஒரு பிரெஞ்சுக் கம்பனி கார் ஓட்டுற கேம் ஒண்டுட செர்வர நிப்பாட்டிச்சு, காசு குடுத்து வாங்கி டிஸ்க்கையும் கையில வெச்சிரிக்கிறவனும் தனிய இருந்து ஓட ஏலாமப் போச்சு. எங்கட கவிட்டுப் போட்ட பிளேஸ்டேஷன் அதவிட மேல்.

இதுக்கெல்லாம் வழி இல்லாமலும் இல்ல. எமுலேட்டர் எண்டு ஒண்டு இரிக்கு, பழைய மெஷின் எப்பிடி வேலை செஞ்சுதோ அதே மாதிரி புதுக் கொம்பியூட்டர நடிக்க வைக்கிற சொப்ட்வெயார். கடையில காசு போட்டு விளையாடுற கேமுகளுக்கு 1997இலயே மேம் எண்ட எமுலேட்டர் வந்திட்டு, டொஸ் கேமுக்கு 2002இல டொஸ்பொக்ஸ். எழுதினது கூடுதலா சம்பளம் இல்லாத ஆக்கள். இதக் களவு வேலை எண்டு சொல்றவங்களுக்கு நான் காரைதீவு விபுலானந்த அடிகளத்தான் காட்டுவன். அவர் யாழ்நூல் எழுதக்குள்ள அந்தப் பழைய யாழ் ஒண்டும் மிஞ்சியிருக்கல்ல, சிலப்பதிகாரத்துப் பாட்டு வரிகள வெச்சு, கணக்குப் போட்டு, இப்பிடித்தான் நரம்பு கட்டியிருப்பாங்க எண்டு கண்டுபிடிச்சு 1947இல வெளியிட்டார். கருவி போயிட்டு, எழுத்து மிஞ்சிச்சு, எழுத்தில இருந்து கருவியத் திரும்ப எடுத்தார். எமுலேட்டர் எழுதுறவனும் அதத்தான் செய்யிறான். சாமிட சமாதி எங்கட உப்போடையிலதான் இரிக்கு, கேமோட அவர ஒப்பிட்டதுக்கு ஏசுறவங்க ஏசட்டும்.

சட்டத்திலயும் கொஞ்சம் இடம் இரிக்கு. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், முறையா வாங்கின கொம்பியூட்டர் புரோகிராம் பழுதாப் போனா உதவ ஒரு கொப்பி எடுத்து வைக்கலாம் எண்டுதான் சொல்லுது. முறையா வாங்கினவன் மட்டக்களப்பில எத்தின பேர் எண்டு கேக்காதீங்க.

விளையாடினத சேமிச்சு வைக்கிற அண்ணன்ட மெமரி கார்டையும் எடுத்துப் பாத்தன். 128 கேபி, 15 கட்டம், அவ்வளவுதான் அதுட முழு இடமும். யூஎஸ்பி அடாப்டர் ஒண்டு எடுப்பிச்சுக் கொழுவினா 14 கட்டம் சுகமா வந்திச்சு, ஒண்டு வரல்ல. வராத அந்த ஒண்டுதான் சுனாமிக்கு முதல் லீவுல அவன் ராராவா முழிச்சு முக்கால்வாசி முடிச்ச கேம். கத்தாரில இரிக்கிற அண்ணனுக்கு போன் எடுத்துச் சொன்னன். கொஞ்ச நேரம் பேசல்ல, மறுகா 'கார்ட எறிஞ்சிராத மனே, வந்து பாப்பம்' எண்டான்.

ஐயாட்ட ஒரேயொரு உதவிதான் கேக்கிறன். பெட்டி டிவிகள எங்கட ஊரில கிலோ கணக்கில பழைய இரும்புக்குக் குடுக்கிறாங்க, அது இல்லாட்டி துவக்கு கேம் துவக்கு கேமா இரிக்காது. மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஆர்ட்டயும் ஓடுற பெட்டி டிவி, கசட், வாசிக்காத சீடி எண்டாலும் கிடந்தா குடுக்க முதல் உங்கட ஒபிசுக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லிப் போடுங்க, என்ட நம்பர அங்க குடுத்து வெச்சிரிக்கன். வந்து தூக்கிறது என்ட பொறுப்பு.

இப்படிக்கு,
கல்லடி வாசகன்