தட்டை வேறு, மட்டம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனசதுர வடிவில் ஒரு கோள் இருந்தால் அங்கே வாழ்க்கை எப்படியிருக்கும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். மாணவர்கள் ஆசையோடு படிக்கும் பொருள். ஆனால் அதில் ஒரு வாக்கியம் உறுத்திக்கொண்டே இருக்கிறது: "தட்டையான தரையில் நடந்துகொண்டே போய் விளிம்பைத் தாண்டினால் கீழே விழுந்துவிடுவோம்." எந்தக் கீழே? கீழ் என்பது அச்சிட்ட தாளின் அடிப்பக்கம் அல்ல, எடை இழுபடும் திசை. இது தாங்கள் அறியாதது அல்ல. அறிந்தும் அச்சேறிவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

கட்டட வேலையில் பயன்படும் குண்டு நூல் ஒன்று போதும் இதை விளங்கிக்கொள்ள. கனசதுரத்தின் ஒரு முகத்தின் நட்டநடுவில் தொங்கவிட்டால் நூல் தரைக்குச் செங்குத்தாக நிற்கும். நடுவை விட்டு விலக விலகச் சாயும், ஏனென்றால் குண்டு ஏறக்குறைய கோளின் மையத்தை நோக்கியே இழுபடுகிறது. விளிம்பின் நடுப்புள்ளியில் அந்தச் சாய்வு சரியாக 45 டிகிரி. மூன்று விளிம்புகள் கூடும் முனையில் கிட்டத்தட்ட 55 டிகிரி. ஆக, கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் அந்த முகம் நடப்பவருக்கு ஒரு கிண்ணம். நடுவிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஏற்றம்தான், போகப்போகச் செங்குத்தாகும் ஏற்றம். விளிம்பு என்பது கூரையின் முகடு. அதைத் தாண்டுகிறவர் அந்தரத்தில் விழமாட்டார், மறுபக்கச் சரிவில் இறங்கத் தொடங்குவார்.

பூமியின் கன அளவையே கனசதுரமாக்கினால் ஒரு பக்கம் சுமார் 10,270 கி.மீ. வரும். முகத்தின் நடுப்பகுதி மையத்திலிருந்து 5,135 கி.மீ. தொலைவில், விளிம்பின் நடுப்புள்ளி 7,262 கி.மீ. தொலைவில், முனை 8,894 கி.மீ. தொலைவில். அதாவது விளிம்பு 2,100 கி.மீ.க்கு மேல் உயரமான மலைத்தொடர், முனை 3,700 கி.மீ.க்கு மேல் உயரமான சிகரம். எவரெஸ்ட் 9 கி.மீ. கூட இல்லை. முனையில் ஏற நினைப்பவர் முகத்தின் வழியே போகக் கூடாது, விளிம்பின் வழியே போக வேண்டும்: முனைக்கு அருகே முகத்தின் சரிவு 55 டிகிரி என்றால் விளிம்பின் சரிவு 35 டிகிரிதான். உலர்ந்த மணல் ஏறக்குறைய 34 டிகிரிக்கு மேல் சரிவில் நிற்காது. எனவே நடுவிலிருந்து 3,500 கி.மீ. தாண்டினால் மணலும் சரளையும் தங்காத வெறும் பாறைதான்.

தங்கள் படத்தில் கடல் முகம் முழுவதும் பரவி விளிம்பில் அருவியாகக் கொட்டுகிறது. வரைந்தவர் கைத்திறனைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் ஏறி நிற்காது என்பதைத்தான் சொல்கிறேன். அது கிண்ணத்தின் அடியில், அதாவது முகத்தின் நடுவில் தேங்கும். பூமியின் கடல்நீரை ஆறு முகங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு, எடை முழுவதும் மையத்தில் இருப்பதாக வைத்துச் சுழற்சியையும் விட்டுவிட்டுத் தோராயமாகக் கணக்கிட்டால், ஒவ்வொரு கடலும் 1,100 கி.மீ. ஆரம், நடுவில் 116 கி.மீ. ஆழம். நீர்ப்பரப்பு ஈர்ப்புக்குச் செங்குத்தாகவே நிற்குமாதலால் அது நடுவில் புடைத்திருக்கும். தட்டையான கோளில் உருண்டையாக இருப்பது கடல் ஒன்றுதான். "தரை தட்டை என்பதால் எதிர்க்கரை தெளிவாகத் தெரியும்" என்று கட்டுரை சொல்கிறது. நடுவே 116 கி.மீ. உயரத்துக்கு நீர் எழும்பி நிற்கும்போது எதிர்க்கரை எப்படித் தெரியும்?

காற்றுக்கும் இதே கதி. பூமியின் காற்று அங்கே ஆறு கடல்களின் மேல் மட்டும் குவிந்தால் கரையோரத்தில் அழுத்தம் நம்முடையதைப்போல் சுமார் 20 மடங்கு. 200 மீட்டர் ஆழ்கடலில் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனே நஞ்சு. ஆகவே கட்டுரையில் வருவதுபோல் கடற்கரையில் குடியிருக்க முடியாது. ஏறக்குறைய 5.5 கி.மீ. உயரத்துக்கு ஒருமுறை அழுத்தம் பாதியாகிறது என்பதால், கரைக்கு மேல் 24 கி.மீ. உயரம் ஏறினால்தான் நம் நுரையீரலுக்கு ஏற்ற காற்று. தரைவழியே அது கரையிலிருந்து 110 கி.மீ. அங்கிருந்து இன்னும் 25 கி.மீ. போனால் காற்று பாதியாகிவிடும். ஒரு முகத்தில் மனிதர் வாழ இடம் இவ்வளவுதான்: சுமார் 7,600 கி.மீ. சுற்றளவும் 25 கி.மீ. அகலமும் கொண்ட ஒரு வளையம். அங்கே தரையின் சரிவு 13 டிகிரி. 100 மீட்டர் நடந்தால் 23 மீட்டர் ஏறியிருப்போம். வயலானாலும் வீடானாலும் படிப்படியாக வெட்டித்தான் அமைக்க வேண்டும். மட்டமான சாலை வேண்டுமென்றால் கடலைச் சுற்றி வட்டமாகத்தான் போட முடியும். நேராகப் போட்டால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அடுத்த முகத்துக்குப் போக விண்கலம் வேண்டும். இவ்வளவு வளமான கற்பனைக்கு இடமிருக்க, விழுந்துவிடுவோம் என்ற ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே!

விடியலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சுழலும் அச்சு இரண்டு எதிர்முகங்களின் நடுவே போவதாக வைத்துக்கொண்டால், மற்ற நான்கு முகங்களில் ஒவ்வொன்றிலும் தரை முழுவதற்கும் ஒரே நொடியில் சூரியன் உதிக்கும். முகத்துக்கு முகம் கால் நாள் வித்தியாசம். குழந்தைகள் வியந்து நிற்கும் இடம் இது.

இது முதல் முறையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். முன்பு வளைய வடிவக் கோளைப் பற்றி எழுதியபோது, உள்பக்கம் நிற்பவர் நடுத்துளைக்குள் விழுவார் என்றது தங்கள் இதழ். துளையின் மையத்தில் எல்லாப் பக்கத்து இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், அங்கே யாரையும் இழுக்க எதுவும் இல்லை. சனியின் வளையத்தை ஒரே தகடாக வரைந்தீர்கள். அப்படிப்பட்ட திட வளையம் நிலைத்து நிற்காது என்று இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1859-இலேயே எழுதிவிட்டார். விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே இல்லை என்றீர்கள். 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 விழுக்காடு. பூமியை நசுங்கிய பந்தாக வரைந்தீர்கள். 30 செ.மீ. உருண்டையில் அந்த நசுக்கம் 1 மி.மீ. மட்டுமே. ஒவ்வொரு முறையும் பிழை ஒரே இடத்தில்தான்: எது கீழே, எவ்வளவு பெரியது என்று கேட்காமலேயே படம் வரையப்படுகிறது.

கற்பனைதானே என்று தாங்கள் சொல்லக்கூடும். கற்பனைதான். பூமியளவு கனசதுரம் உண்மையில் நிலைக்காது, தன் எடையாலேயே பாறை நசுங்கி வழிந்து உருண்டையாகிவிடும் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். சுமார் 940 கி.மீ. விட்டமுள்ள குறுங்கோள் சீரிஸ் உருண்டை. அதைவிடச் சிறிய வெஸ்டா என்ற சிறுகோள் முழு உருண்டை அல்ல. 4 மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழலும் குறுங்கோள் ஹௌமியா முட்டைபோல் நீண்டிருக்கிறது. 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் கடந்துசென்ற அரோகோத் என்ற சிறு விண்பொருள் ஒட்டிக்கொண்ட இரண்டு கட்டிகள். விந்தை வடிவங்கள் மெய்யாகவே இருக்கும்போது அவற்றுக்கு ஒரு பத்திகூட ஒதுக்காதது வேதனையாக இருக்கிறது.

மறுப்பு வெளியிடச் சொல்லவில்லை. அடுத்த இதழில் அதே படத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை மட்டும் மறுபடி அச்சிடுங்கள். முகத்தின் நடுவில் ஒன்று, விளிம்பில் ஒன்று, முனையில் ஒன்று என மூன்று குண்டு நூல்களை வரைந்து, நடுவில் கடலைப் புடைத்தாற்போல் காட்டினால் போதும். கால் பக்கத்துக்கு மேல் இடம் பிடிக்காது.

தங்கள் உண்மையுள்ள,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்