நினைவாற்றல் இழந்தவரைக் கேள்வி கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம், தலைக்காயம், மூளைக்காய்ச்சல் இவற்றுக்குப் பின் வரும் மறதி பற்றிய கட்டுரை என்றாலே குறுக்கெழுத்தும் சுடோகுவும் வந்துவிடுகின்றன. குறுக்கெழுத்து போட்டுப் பழகியவர் குறுக்கெழுத்தில்தான் தேறுவார். மாத்திரை போட்டோமா என்பது அதனால் நினைவுக்கு வராது.

நோயாளிகள் அதிகம் நொந்துகொள்வது வேறொன்றை. "நான் யாரு, சொல்லு பார்ப்போம்" என்று வீட்டார் நாள்முழுதும் நடத்தும் பரீட்சை. அன்பில் கேட்பதுதான், ஆனால் கெடுதல். மூளையில் புது நினைவுகளைப் பதிக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸ் பழுதானவருக்கு, நாம் திருத்தியது மறந்துவிடும். அவர் ஊகித்துச் சொன்ன தப்பு மட்டும் பதிந்து, அடுத்த முறையும் முந்திக்கொண்டு வரும். உளவியலாளர்கள் பேட்லியும் வில்சனும் 1994-இல் காட்டியது இதைத்தான்: கடும் மறதி உள்ளவர்கள் தவறுக்கு இடம் தராமல் கற்பித்தால் மேலாகக் கற்கிறார்கள்.

செய்முறை எளிது. "மருந்துப்பெட்டி அலமாரியின் மேல்தட்டில்" என்று நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். உடனே அவர் திருப்பிச் சொல்லட்டும். பிறகு அரை நிமிடம், 1, 2, 4, 8 நிமிடம் என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே கேட்கலாம். தடுமாறினால் காத்திருக்காமல் விடையைச் சொல்லி, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்கே திரும்ப வேண்டும். களைத்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்தது குறிப்பேடு. கொடுத்த வேகத்திலேயே மூலைக்குப் போய்விடும், ஏனென்றால் அதைப் பார்க்க வேண்டும் என்பதே மறந்துபோகிறது! கைப்பேசி அலாரமோ சாப்பாட்டு வேளையோ, ஏதாவதொன்றோடு அதைப் பிணைக்காமல் பயனில்லை. ஒரே ஏடு, ஒரே இடம், துண்டுச்சீட்டுகள் வேண்டாம். "மாத்திரை" என்று மொட்டையாக எழுதினால் போட்டதா, போட வேண்டியதா என்று தெரியாமல் இரண்டாம் முறையும் போட்டுவிடுவார். நேரம் எழுதி, விழுங்கியதும் டிக் போட வேண்டும், முடிந்தவரை அவர் கையாலேயே. பிறர் கையெழுத்தைப் பலர் நம்புவதில்லை.

"எனக்கு யாரும் பயிற்சியே தரவில்லை" என்று நோயாளி சொன்னால் வீட்டார் சோர்ந்துவிடுகிறார்கள். 1953-இல் மூளை அறுவை சிகிச்சைக்குப் பின் புதிய நிகழ்வுகளை நினைவில் வைக்க முடியாமல்போன எச்.எம். என்பவர், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவதில் நாளுக்கு நாள் தேறினார். முன்பு வரைந்தது மட்டும் அவருக்கு நினைவில் இல்லை. எனவே பயிற்சி பலித்ததா என்று நோயாளியிடம் விசாரிப்பதைவிட, அலாரம் அடித்ததும் கை ஏட்டைத் தேடிப் போகிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
நினைவு மறுவாழ்வுப் பயிற்சியாளர்கள்