டேப்ப சுத்தறதுக்குள்ள மூச்ச இழுத்துப் பிடிக்கிற பிள்ளைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

குண்டா இருக்குற பிள்ளைங்கள பத்தி போன வாரம் வந்த கட்டுரைய படிச்சேன், சுகர் வரும் பிரஷர் வரும்னு எழுதியிருந்தீங்க, எல்லாம் சரிதான், ஆனா அதுங்க மனச பத்தி ஒரு வரி கூட இல்லயே.

நான் டெய்லருங்க. 20 வருஷமா ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன். மே கடைசில வாசல்ல கூட்டம் நிக்கும். நான் இடுப்புல டேப்ப வைக்கிறதுக்குள்ள கூட வந்த அம்மா "நாலு இன்ச் ஏறியிருக்கும் பாருங்க, தின்னுட்டு தின்னுட்டு படுத்தே கிடக்குறா"னு அத்தன பேர் முன்னாடியும் சொல்லுவாங்க, அந்தப் பொண்ணு வயித்த உள்ள இழுத்துக்கிட்டு மூச்சு விடாம நிக்கும். அந்த அளவுல தைச்சா சட்டை பத்தாது, அதனால நானே ஒன்றரை இன்ச் கூட்டி குறிச்சுக்குவேன் (தொழில் ரகசியம்!).

என் பொண்ணு நர்சிங் படிக்கிறா. அவ சொல்லித்தான் தெரியும், குண்டாகுறதும் டிப்ரஷனும் (மனச்சோர்வு நோய்) ரெண்டு பக்கமும் போற வழியாம். 2010ல பல ஆய்வுகள சேத்து பாத்தப்ப, குண்டா இருக்குறவங்களுக்கு பின்னால டிப்ரஷன் வர்ற வாய்ப்பு 55 சதவீதம் அதிகம், டிப்ரஷன்ல இருக்குறவங்க பின்னால குண்டாகுற வாய்ப்பு 58 சதவீதம் அதிகம்னு வந்துச்சாம். அது பெரும்பாலும் பெரியவங்க கணக்குதான். ஆனா 2002லயே அமெரிக்காவுல டீன்ஏஜ் பிள்ளைங்கள ஒரு வருஷம் கழிச்சு திரும்ப பாத்ததுலயும், மனசு சோர்ந்திருந்த பிள்ளைங்களுக்குத்தான் குண்டாகுற வாய்ப்பு கூடுதலா இருந்திருக்கு. அப்படின்னா அந்த அம்மா சொன்ன "தின்னுட்டு படுத்தே கிடக்குறா" இருக்கே, அது திமிரோ சோம்பேறித்தனமோ இல்லாம நோயாவே இருக்கலாம் இல்லீங்களா? ரொம்ப தூங்குறது, கண்டதையும் திங்கிறது, சும்மா சும்மா எரிஞ்சு விழறது எல்லாமே டிப்ரஷன்ல வர்றதுதான்னு சொல்றா. டாக்டர்கிட்ட போனா வெயிட் பாத்து டயட் சார்ட் குடுத்து அனுப்பிடறாங்க, ராத்திரி தூங்குறியா, ஸ்கூல்ல யாராவது கிண்டல் பண்றாங்களானு கேக்க யாருக்கும் நேரமில்ல.

இந்த வருஷம் நான் உள் ரூம்ல திரை போட்டுட்டேன், அம்மாக்கள் வெளியவே இருக்கணும், இன்ச்ச வாய்விட்டு சொல்றதில்ல, சீட்டுல எழுதிக்கிறேன். ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டு வேற கடைக்கு போயிட்டாங்க, போகட்டும்.

நீங்க அடுத்த தடவ ஒரு மனநல டாக்டரையும் எழுத சொல்லுங்க, கூடவே டெலி மானஸ்னு அரசாங்கம் நடத்துற மனநல உதவி போன் நம்பர் 14416ஐயும் பெருசா போடுங்க, அத வெட்டி திரைக்குப் பக்கத்துல ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
டெய்லர் அக்கா, ஈரோடு